பட்டறை இடம் போகிறது: மெஷின்களை எப்படி விற்பது?

தேக்குத்தூள் (கோவை), ஜூலை 21, 2024

வணக்கம். கணபதி பக்கம் ஒரு ஷெட்டில் 21 வருடமாக வாடகைக்கு மரப்பட்டறை நடத்துகிறேன். இடத்துக்காரர் போன வருடம் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இடத்தை விற்கிறார்கள். ஆகஸ்ட் 31-க்குள் காலி செய்து தரவேண்டும். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அவர்கள் மேல் குறை இல்லை. ஆனால் மூன்று பேஸ் கரண்ட், வண்டி உள்ளே வந்து திரும்ப இடம், ரம்பச் சத்தத்துக்குச் சண்டைக்கு வராத அக்கம்பக்கம், இந்த மூன்றும் சேர்ந்த இடம் என் சக்திக்குள் கிடைக்கவில்லை. ஆறு இடம் பார்த்துவிட்டேன்.

இருப்பவை: கட்டையின் முகத்தை நேராக்கும் 12 இஞ்ச் இழைப்பு மெஷின் (பஞ்சாப் பட்டாலாவில் செய்த வார்ப்பிரும்பு, இரண்டு மேஜையும் சேர்த்து ஐந்தரை அடி, 3 எச்.பி.), கட்டையை ஒரே கனத்துக்கு இழைக்கும் 13 இஞ்ச் திக்னஸ் பிளேனர் (5 எச்.பி.), 18 இஞ்ச் பேண்ட்சா என்ற நாடா ரம்பம் (2 எச்.பி.), நானே ஆங்கிள் வைத்துச் செய்த வட்ட ரம்ப மேஜை (3 எச்.பி.), நாலடிக் கடைசல் மெஷின் (1 எச்.பி.), நிலைக்கட்டைக்குத் துளை போடும் செயின் மார்ட்டைசர். ரவுட்டர், டிரில் போன்ற கை மெஷின்களை விற்கப்போவதில்லை. சைட்டில் போய் வேலை செய்ய அவை வேண்டும்.

நேற்று பழைய இரும்புக்காரர் வந்து பார்த்தார். எல்லாம் சேர்த்து ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே தேறும், கிலோ 34 ரூபாய், 52,000 தருகிறேன், நாளைக்கே தூக்கிவிடுகிறேன் என்றார். இந்த இழைப்பு மெஷினில்தான் என் இரண்டு பெண்களின் கல்யாணக் கட்டிலுக்கும் மரம் இழைத்தேன். கிலோ கணக்கில் பேசியதும் எனக்கு வாய் வரவில்லை. ஊரில் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகை காலியாக இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, இடம் கிடைத்ததும் திரும்ப எடுக்கலாமா என்றும் யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழசுவிற்பவன் (கோவை), ஜூலை 21

அண்ணா, நான் பழைய மெஷின் வாங்கி விற்கும் தொழிலில் இருக்கிறேன். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

இரும்புக்காரரிடம் இப்போதைக்கு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்து, மின் இணைப்பைக் கடைசி நாள் வரை துண்டிக்க விடாதீர்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். காலி செய்கிற அவசரத்தில் முதலில் இணைப்பை ஒப்படைத்து டெபாசிட்டை வாங்கிவிடுவார்கள். அப்புறம் வாங்க வருபவரிடம் "நன்றாக ஓடும்" என்று வாயால்தான் சொல்ல முடியும். ஓட்டிக் காட்டும் மெஷினுக்கு ஒரு விலை, ஓடும் என்று சொல்லும் மெஷினுக்கு அதில் பாதி. நானே அப்படித்தான் விலை வைப்பேன். மோட்டார் எரிந்திருந்தால், பேரிங் போயிருந்தால் அந்தச் செலவு என் தலையில் அல்லவா?

இன்னொன்று, இப்போது ஆடி நடக்கிறது. புதிதாகப் பட்டறை போடுகிறவர் யாரும் ஆடியில் மெஷின் வாங்க வரமாட்டார். ஆகஸ்ட் 17 ஆவணி பிறக்கிறது, அதற்குப் பிறகுதான் போன் வரும். உங்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டே வாரம். இடத்துக்காரப் பிள்ளைகளிடம் செப்டம்பர் 15 வரை கேளுங்கள். வாடகை அட்வான்ஸ் அவர்கள் கையில்தானே இருக்கிறது? அதில் கழித்துக்கொள்ளச் சொன்னால் அவர்கள் கையிலிருந்து பணம் போகாது, பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

எது விற்கும் என்றால், இழைப்பு மெஷினும் திக்னஸும் சீக்கிரம் போகும். பேண்ட்சாவும் போகும். கடைசல் மெஷினுக்கு ஆள் தேடவேண்டும், கட்டில் கால் கடைய இப்போது யார் வருகிறார்கள்? மார்ட்டைசருக்கு நிலை, கதவு செய்கிற ஆள்தான் வேண்டும். ஜன்னல் எல்லாம் யு.பி.வி.சி. ஆகிவிட்டது, அறைக்கதவு ரெடிமேடாக வருகிறது. பிளைவுட் வேலைக்காரருக்குப் பலகை அறுக்கும் பேனல் சா போதும், உங்கள் மெஷின்கள் அவருக்குத் தேவைப்படாது. நீங்கள் தேடவேண்டியது கட்டை மர வேலை செய்கிற ஆளை.

---

நாஞ்சில்உளி (நாகர்கோவில்), ஜூலை 22

மாட்டுக்கொட்டகை யோசனையை விட்டுவிடுங்கள் ஐயா, தயவுசெய்து.

2018-இல் எனக்கும் இதே நிலைமை. ரோடு அகலப்படுத்தியதில் பட்டறையின் முன்பக்கம் போனது. மாமனார் வீட்டுக் கொட்டகையில் இழைப்பு மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். ஆறு மாதத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தார்ப்பாய்க்குள் வேர்த்து, மேஜை முழுக்கத் துரு பிடித்துக் குழி விழுந்துவிட்டது. சாணி, மூத்திர வாடை இருக்கிற இடத்தில் இரும்பு இன்னும் சீக்கிரம் தின்றுபோகும். மோட்டாருக்குள் எலி கூடு கட்டி வயரைக் கடித்திருந்தது. இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பிளேடு மாட்டிய உருளை, அதாவது கட்டர் பிளாக், கையால் சுற்றவே இல்லை. கடைசியில் எடைக்குத்தான் போட்டேன்.

ஓடுகிற நாளில் 40,000-க்குக் கேட்டவரை நான் திருப்பி அனுப்பியிருந்தேன். அவரிடம் கொடுத்திருந்தால் இன்று அந்த மெஷின் எங்கோ மரம் இழைத்துக்கொண்டிருக்கும். பணம் போனது கூடப் பெரிதில்லை, இதுதான் இன்னும் உறுத்துகிறது.

---

தேக்குத்தூள், ஜூலை 22

உங்கள் பதிவைப் படித்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நன்றி. அட்வான்ஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நாளை பேசுகிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டால் என் கையில் என்ன இருக்கும்? ஒன்றையாவது வைத்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது. சரவணம்பட்டியில் நண்பர் பட்டறையில் ஒரு மூலை தருகிறேன் என்கிறார், ஒரு மெஷின் நிற்கும். எதை வைப்பது?

---

வெட்டுவாய் (மதுரை), ஜூலை 22

இழைப்பு மெஷின்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மரத்தை நேராக்காமல் எந்த வேலையும் தொடங்காது. அந்தக் காலத்து வார்ப்பு இனி கிடைக்காது. இப்போது பலர் இரும்புத் தகட்டை வெல்டு செய்து அனுப்புகிறார்கள், இரண்டு வருடத்தில் மேஜை முறுக்கிக்கொள்கிறது.

---

செங்கோட்டைமில் (செங்கோட்டை), ஜூலை 23

மதுரை அண்ணன் சொல்வதில் பாதி சரி. அந்த மாதிரி வார்ப்பு எளிதில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் கேள்வி ஒரு மூலையில் எது நிற்கும் என்பது.

ஐந்தரை அடி இழைப்பு மெஷினுக்கு முன்னால் ஏழடி, பின்னால் ஏழடி வெறும் இடம் வேண்டும். ஏழடி நிலைக்கட்டையை வேறு எப்படித் தள்ளுவது? பேண்ட்சா நிற்க மூன்றடிக்கு மூன்றடி போதும். நீளக் கட்டை வரும்போது கதவைத் திறந்துவிட்டு அறுக்கலாம். கட்டையைக் கிழிக்கலாம், வளைவு அறுக்கலாம், வட்ட ரம்பம் மாதிரி கட்டையைத் தூக்கி நம் மேல் வீசாது. பிளேடு கீழ் நோக்கி ஓடுவதால் மரத்தை மேஜை மேலேயே அழுத்தி வைக்கும். வயது அறுபது நெருங்கும்போது அது முக்கியம் ஐயா.

இழைப்பு என்றால் கூலிக்கு இழைத்துக்கொடுக்கப் பட்டறைகள் இருக்கின்றன. மரத்தைக் கொண்டுபோய் இழைத்து வாங்கலாம். நாற்காலிக் கை வளைவைக் கூலிக்கு அறுத்து வாங்கிப் பாருங்கள், நம் மனசில் இருக்கிற கோடு அவர்கள் கையில் வராது.

---

வெட்டுவாய், ஜூலை 23

இழைத்து வாங்கிய மரம் நான்கு நாள் கிடந்தால் திரும்ப முறுக்கிக்கொள்ளும். அப்புறம்?

---

செங்கோட்டைமில், ஜூலை 23

காயாத மரத்துக்கு அது சரி. எல்லாப் பக்கமும் காற்றுப் படுகிற மாதிரி இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கினால் பெரிதாக முறுக்காது. மிச்சம் இருப்பதற்குக் கை இழைப்புளி இருக்கிறது. 21 வருடம் வேலை செய்தவருக்கு அது தெரியாதா?

---

தேக்குத்தூள், ஜூலை 24

பேண்ட்சாவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். நான் இனிமேல் நிலை, கதவு எடுக்கப்போவதில்லை. நாற்காலி, ஸ்டூல், பூஜை மாடம், இவை போதும். இடத்துக்காரர்களும் செப்டம்பர் 15 வரை சம்மதித்துவிட்டார்கள்.

விற்பதற்கு முன் பெயிண்ட் அடிக்கவா? என்ன விலை சொல்வது?

---

பழசுவிற்பவன், ஜூலை 24

பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். புதுப் பெயிண்டைப் பார்த்தாலே வார்ப்பில் விரிசல் விட்டு வெல்டு வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று நான் சந்தேகப்படுவேன். தூசி தட்டுங்கள். மேஜையில் மேல் துருவை டீசல் தொட்டு மெல்லிய எமரித் தாளில் தேய்த்து எடுத்துவிட்டு, மெஷின் ஆயில் கைத்துணியால் ஒரு பூச்சு. போதும். விரிசல் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் வார்ப்பில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பூசுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் அதற்குள் இறங்கியிருக்கும், வெள்ளையில் கோடாக ஊறி வெளியே வரும். வாங்குபவர் கண் முன்னால் செய்தால் அதற்கு மேல் அவர் கேட்க ஒன்றும் இருக்காது.

விலைக்கு முதலில் கடையில் போய்ப் புதிது என்ன விலை என்று எழுதி வாங்கி வாருங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு அதிலிருந்து இறங்கும், இரும்பு விலையிலிருந்து ஏறாது. உங்கள் இழைப்பு மெஷினுக்கு 58,000 சொல்லுங்கள், 48-க்குக் கீழே போகாதீர்கள். திக்னஸுக்கு 62 சொல்லி 52-இல் நில்லுங்கள். இது என் கணக்கு, மற்றவர்கள் மாற்றிச் சொல்லலாம். மார்ட்டைசர் யாரும் கேட்காவிட்டால் என்னிடம் கொடுங்கள், ஆள் பார்த்துத் தருகிறேன்.

---

மோட்டார்கட்டு (திருப்பூர்), ஜூலை 25

நான் எரிந்த மோட்டாருக்குத் திரும்பக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் வேலை செய்பவன். மோட்டார் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

எல்லா மோட்டாருக்கும் 500 வோல்ட் மெகர் (கம்பியின் மின்காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து, வந்த அளவை ஒரு சீட்டில் எழுதி மெஷினில் ஒட்டுங்கள். ஒரு மெக்ஓம்க்குக் கீழே இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, காயவைத்துத் திரும்பப் பாருங்கள். ஓடும்போது வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரால் மூன்று லைனிலும் ஆம்பியர் எடுங்கள். 3 எச்.பி.க்கு முழு லோடில் சுமார் 5 ஆம்பியர் வரும், மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு லைன் மட்டும் தனியாக ஏறினால் மோட்டாரிலோ லைனிலோ கோளாறு இருக்கிறது. வைண்டிங் காப்பரா அலுமினியமா என்று நிச்சயம் கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

பெல்ட்டின் நம்பர், பேரிங் நம்பர் இரண்டையும் அதே சீட்டில் எழுதுங்கள். வாங்குபவர் பிற்பாடு கழற்றித் தேட வேண்டியதில்லை.

---

மாடித்தச்சு (சென்னை), ஜூலை 25

ஐயா, நான் தொழில்காரன் இல்லை. ஆபீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் மரவேலை. உங்கள் கடைசல் மெஷின் எனக்கு வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு பேஸ்தான். மூன்று பேஸ் மோட்டாரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மோட்டாரை மாற்றவேண்டுமா?

---

மோட்டார்கட்டு, ஜூலை 25

மாற்றவேண்டாம் தம்பி. வி.எஃப்.டி. என்று ஒரு டிரைவ் பெட்டி வரும். 230 வோல்ட் ஒரு பேஸ் உள்ளே கொடுத்தால் 230 வோல்ட் மூன்று பேஸாக வெளியே தரும். நம் ஊரில் 3 எச்.பி. வரைக்குமான மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் கட்டில் (மூன்று சுருளின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்த இணைப்பு) வரும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு வயர் முனையும் வெளியே இருந்தால் இணைப்புப் பட்டையை மாற்றிப் போட்டு டெல்டா (சுருள்களை முக்கோணமாகச் சேர்த்த இணைப்பு) ஆக்கிவிட்டால் 230-இல் ஓடும். மூன்று முனைதான் இருக்கிறது என்றால் மோட்டாரைத் திறந்து உள்ளே முடிச்சைப் பிரிக்கவேண்டும், அதை ரீவைண்டிங் கடையில் செய்வார்கள்.

கடைசலுக்கு டிரைவ் போட்டால் இன்னொரு நன்மை. பெல்ட் மாற்றாமலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கோணல் கட்டையை முதலில் மெதுவாக ஓட்டி உருட்டாக்கிவிட்டு அப்புறம் வேகம் ஏற்றலாம்.

---

தேக்குத்தூள், ஜூலை 26

திறந்து பார்த்தேன், ஆறு முனை இருக்கிறது. தம்பி, 14,000 கொடுங்கள், உளிகள் ஐந்தையும் சேர்த்தே தருகிறேன். அவை என் அப்பா உபயோகித்தவை. சும்மா கிடப்பதை விட நீங்கள் பழகினால் சந்தோஷம்.

---

கணக்குப்பிள்ளை (ஈரோடு), ஜூலை 28

ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே? பதிவு இல்லாதவர் தன் பழைய மெஷினை விற்றால் வரி வசூலிக்கத் தேவையில்லை. பதிவு இருந்து, வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்து எடுத்திருந்தால் கணக்கு வேறு. எடுத்த வரியில் ஒவ்வொரு காலாண்டுக்கும் 5 சதவீதம் கழித்துவிட்டு வரும் மிச்சம், இப்போது விற்கும் விலைக்கு வரும் வரி, இந்த இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டவேண்டும். மரவேலை மெஷினுக்கு 18 சதவீதம். விலை பேசும் முன்னாலேயே ஆடிட்டரிடம் கேளுங்கள். பேசி முடித்த பிறகு 18 சதவீதம் சேர்த்துக் கேட்டால் வியாபாரம் முறிந்துவிடும்.

---

தேக்குத்தூள், ஜூலை 28

பதிவு இல்லை. சின்னப் பட்டறைதான்.

இன்று காலையில் ஒரு போன் வந்தது. விற்பனைத் தளத்தில் போட்டோ பார்த்தாராம், ராணுவத்தில் இருக்கிறாராம், மெஷினைப் பார்க்காமலே 58,000-க்கு ஒப்புக்கொண்டார். கியூ.ஆர். அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும் என்றார்.

---

மாடித்தச்சு, ஜூலை 28

ஐயா போடாதீர்கள்! பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ராணுவத்தில் இருக்கிறேன் என்று சொல்லி ஏமாற்றுவது பழைய வித்தை. நம்பரைத் தடை செய்துவிட்டு 1930-க்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள்.

---

தேக்குத்தூள், ஜூலை 28

போடவில்லை தம்பி. பேரம் பேசாமல் மெஷின் வாங்குகிற ஆளை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை, அதனால்தான் இங்கே கேட்டேன். புகார் சொல்லிவிட்டேன்.

---

தேக்குத்தூள், ஆகஸ்ட் 11

வட்ட ரம்ப மேஜை பற்றி ஒரு கேள்வி. பக்கத்துத் தெருவில் ஒருவர் 15,000 தருகிறேன் என்கிறார். அதில் மூடி இல்லை, பிளேடுக்குப் பின்னால் பிளவுக்கத்தியும் இல்லை. நான் செய்தபோது எனக்கு அதெல்லாம் தெரியாது. 2011-இல் அதில்தான் என் இடது கை ஆட்காட்டி விரல் நுனி போனது. கொடுப்பதா?

---

வெட்டுவாய், ஆகஸ்ட் 11

கொடுங்கள். நாம் கொடுக்காவிட்டால் அவர் இன்னொரு இடத்தில் இதே மாதிரி வாங்கத்தான் போகிறார். எங்கள் பக்கம் பாதிப் பட்டறையில் இப்படித்தான் ஓடுகிறது.

---

நாஞ்சில்உளி, ஆகஸ்ட் 12

அவர் எங்கே வேண்டுமானாலும் வாங்கட்டும், ஐயாவிடம் வாங்கவேண்டாம். பிளவுக்கத்தி இல்லாத மேஜையில் அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடைப் பிடித்தால் கட்டை நம் வயிற்றை நோக்கி வரும். எங்கள் ஊரில் அப்படி அடிபட்ட ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவன் நான்.

---

தேக்குத்தூள், ஆகஸ்ட் 12

கொடுக்கவில்லை. மோட்டாரை மட்டும் கழற்றி 5,500-க்குக் கொடுத்தேன். மேஜையைக் கட்டரால் நான்காக அறுத்து எடைக்குப் போட்டேன். 140 கிலோ, 4,760 ரூபாய். அறுக்கும்போது மனசுக்கு ஒன்றும் செய்யவில்லை.

---

தேக்குத்தூள், ஆகஸ்ட் 25

ஆவணி பிறந்ததும் போன் வந்துகொண்டே இருக்கிறது. திக்னஸ் 55,000-க்குப் பொள்ளாச்சி போய்விட்டது. கடைசல் மெஷின் லாரி பார்சலில் சென்னை போனது, மரச்சட்டம் அடித்து அனுப்பினேன். மார்ட்டைசருக்குக் காரைக்குடிப் பக்கம் கதவு வேலை செய்பவர் ஒருவரைப் பழசுவிற்பவன் தம்பி பிடித்துக்கொடுத்தார், என் கைக்கு 18,000 வந்தது.

இழைப்பு மெஷினைப் பார்க்க ஐந்து பேர் வந்தார்கள். நான்காவதாக வந்தவர் 54,000 தருகிறேன் என்றார். அவருக்கு அதை அடுத்த வாரமே இன்னொருவருக்கு விற்கும் எண்ணம், மறைக்காமல் சொன்னார். ஐந்தாவதாகப் பல்லடத்திலிருந்து ஒரு பையன், 24, 25 வயது இருக்கும், அப்பாவோடு வந்தான். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், விஜயதசமிக்குச் சொந்தமாகப் பட்டறை போடுகிறான். அவர்கள் கையில் இருந்தது 50,000. அவன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து இரண்டு மேஜைக்கும் குறுக்கே வைத்து, கீழே இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் தகடு விட்டுப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை. மெஷினை ஓட்டச் சொன்னேன். வேம்புக் கட்டை ஒன்றை எடுத்து, நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தான்.

50,000-க்குக் கொடுத்துவிட்டேன்.

---

பழசுவிற்பவன், ஆகஸ்ட் 25

நான் நாலாயிரத்தை விட்டிருக்கமாட்டேன் அண்ணா. ஆனால் உங்கள் இடத்தில் நின்று பார்த்தால் புரிகிறது.

ஏற்றும்போது மேஜையில் பெல்ட் மாட்டித் தூக்கவிடாதீர்கள், மேஜை இறங்கி அலைன்மென்ட் போய்விடும். அடிப்பாகத்தில் பெல்ட் போட்டு செயின் பிளாக்கில் தூக்குங்கள். பிளேடுகளைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். டாடா ஏஸ் போதும், 400 கிலோவுக்குள்தானே.

---

தேக்குத்தூள், செப்டம்பர் 8

ஷெட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன், ஒரு வாரம் முன்னதாகவே. பேண்ட்சா சரவணம்பட்டிக்குப் போய் நின்றுவிட்டது. இரும்புக்காரர் பேண்ட்சாவையும் சேர்த்துச் சொன்னது 52,000. அதை வைத்துக்கொண்டும் கைக்கு 1,47,260 வந்திருக்கிறது. கடைசி நாளில்தான் மின் இணைப்பை ஒப்படைக்க எழுதிக் கொடுத்தேன். தரையில் மெஷின் நின்ற இடம் மட்டும் சிமெண்ட் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

---

பல்லடம்புதுசு (பல்லடம்), அக்டோபர் 13

வணக்கம். இந்தப் பேச்சு இழையை ஐயா காட்டினார், அதனால் சேர்ந்தேன். மெஷின் வாங்கியவன் நான்தான். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் படம் எடுத்தோம், ஐயாவுக்கு அனுப்பியிருக்கிறேன். நேற்று விஜயதசமிக்கு முதல் கட்டை இழைத்தேன்.

ஒரு சந்தேகம். கட்டை முழுக்க நன்றாக வருகிறது. கடைசி இரண்டு இஞ்சில் மட்டும் பிளேடு ஆழமாகக் கடித்துக் குழி விழுகிறது. என்ன காரணம்?

---

தேக்குத்தூள், அக்டோபர் 13

படம் பார்த்தேன் தம்பி, சந்தோஷம்.

பின்மேஜை, அதாவது இழைத்த கட்டை வெளியே வரும் பக்கத்து மேஜை, பிளேடு மட்டத்தை விட ஒரு முடி கீழே நிற்கிறது, அதனால்தான். கட்டை முன்மேஜையை விட்டு இறங்கியதும் பின்னால் சாய்ந்து பிளேடில் உட்காருகிறது. ஸ்விட்சை மட்டும் நம்பாதே, பிளக்கையும் பிடுங்கிவிடு. நேரான சின்ன மரப்பட்டை ஒன்றைப் பின்மேஜையில் வைத்து, பிளேடுக்கு மேலே நீட்டியிருக்கும்படி பிடி. கட்டர் பிளாக்கைக் கையால் மெதுவாகச் சுற்று. பிளேடு அந்தப் பட்டையை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் முன்னால் இழுத்துக்கொண்டு போய் விடவேண்டும். அதற்கு மேல் இழுத்தால் மேஜை கீழே இருக்கிறது, தொடவே இல்லை என்றால் மேலே இருக்கிறது. மூன்று பிளேடுக்கும் இரண்டு ஓரத்திலும் பார்.

பின்மேஜை திருகில் என் கைக்கு மட்டும் தெரிந்த ஒரு தளர்ச்சி உண்டு. மேலே ஏற்றிவிட்டு இறுக்கும்போது திரும்ப ஒரு முடி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வருகிறேன். அதுவரை அகலக் கட்டையை அதில் போடாதே.